பதினெட்டுக் கல்

இருபத்தாறாயிரத்து நானூறு. பன்னெண்டு தன் கூட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன் அவ்வளவு. முப்பத்து மூன்று பங்கு, பங்குக்கு எண்ணூறு.

பன்னெண்டு என்பது அவள் சொந்தப் பேர் இல்லை. சித்தாளாக வந்த புதிதில் மற்றப் பெண்கள் எட்டுக் கல், பத்துக் கல் என்று தலையில் ஏற்றிக்கொண்டு போகும்போது, இவள் பன்னிரண்டு செங்கல்லை அடுக்கிக்கொண்டு கையையும் விட்டுவிட்டு நடப்பாள். அன்று ஒட்டிக்கொண்ட பேர், வயது ஐம்பத்திரண்டு ஆன பிறகும் உதிரவில்லை. இப்போது அவள் செங்கல் சுமப்பதில்லை. கான்கிரீட் தளம் போடும் கூட்டத்தில் இருக்கிறாள். மொத்தம் பன்னிரண்டு பேர். கீழே கலவை மெஷின் சுற்றும். அங்கிருந்து கூரை வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைக்குக் கை மாற்றி மேலே ஏற்ற வேண்டும். ஒரு தளத்துக்கு இவ்வளவு என்று வரும் கூலியைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. வீட்டில் நோய் என்று ஒருத்தர் வர முடியாமல் போனாலும் அவர் பங்கு அவருக்குப் போய்விடும். நோய் தீர்ந்த பிறகு, சும்மா வாங்கிய பங்குக்கெல்லாம் கூலியில்லாமல் வேலை செய்து கழிக்க வேண்டும். கடன் இருக்கிற வரைக்கும் அவருக்கு ஏணிதான் இடம். ஒரு கால் மேல் படியில், ஒரு கால் கீழ்ப் படியில், இடுப்பைத் திருகித் திருகிச் சட்டியை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆசைப்பட்டு யாரும் போய் நிற்கிற இடமில்லை அது. யாருக்கு எத்தனை பங்கு என்பதை மேஸ்திரி மெஷினின் பக்கத் தகரத்தில் ஆணியால் கோடு கிழித்து வைப்பார்.

பன்னெண்டு ஏணிக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நோய் தீரவில்லை. அதனால் கழிக்கவும் தொடங்கவில்லை. கோடு மட்டும் வளர்ந்தது.

நோய் மகளுக்கு. முப்பத்தொரு வயது. ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் குனிந்தாள், நிமிரவில்லை. முதுகெலும்பின் நடுவில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று அறுத்து எடுத்தார்கள். நாலு மாதம் நன்றாக நடந்தாள். பிறகு பழையபடி வந்தது. இரண்டாவது ஆபரேஷனில் ஆறு ஸ்குருவும் இரண்டு கம்பியும் வைத்து முடுக்கினார்கள். அதிலிருந்து கண் விழித்ததும் அவள் கேட்டது, "அம்மா, என் இடது கால் மேல யாரு நெருப்பு வச்சது?"

அந்த நெருப்பு அணையவே இல்லை. இடுப்பில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கட்டைவிரல் நுனியில் போய் வெட்டும். போர்வை பட்டால் எரியும். மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது. சோற்றை நின்றுகொண்டே தின்றாள். படுக்கையில் திரும்ப வேண்டுமென்றால் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். சாரப் பலகையைப் புரட்டுகிற மாதிரி பன்னெண்டு மகளைப் புரட்டிப் போடுவாள். கட்டினவன், முதல் ஆபரேஷன் முடிந்த ஆறாம் மாதம் வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பியவன். "இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கான் பாவம்" என்பாள் மகள். "கிடைச்சிட்டா வந்துருவான்னு பயமா இருக்கு."

வலியைச் சொல்ல அவர்களுக்குள் ஒரு வழி இருந்தது. இரண்டாவது ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம், மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் கிடந்தபோது பன்னெண்டுக்குப் பொறுக்கவில்லை.

"எவ்வளவுடி வலிக்குது? வாயத் தொறந்து சொல்லேன்."

"எப்படிச் சொல்ல? தராசு வச்சா நிறுக்க முடியும்?"

"கல்லு கணக்குல சொல்லு. தலைல எத்தன கல்லு ஏத்துன மாதிரி இருக்கு?"

மகள் யோசித்தாள். "பதினாறு."

பன்னெண்டு உட்கார்ந்துவிட்டாள். பதினாறு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். வேலைக்கு வந்த புதிதில் பந்தயத்துக்காக ஒரே ஒரு தடவை பதினாறு தூக்கியிருக்கிறாள். ஆறு அடி நடந்திருப்பாள். கழுத்து நரம்பு மூன்று நாள் பேசியது.

அன்றிலிருந்து தினமும் இதே கேள்விதான். பன்னெண்டு நாற்பத்தாறு வயதில் மாலைப் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டவள். மறக்காமல் இருக்க நாளுக்கு ஒரு வரியாவது எழுதுங்கள் என்று அங்கே டீச்சர் சொல்லியிருந்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் ரொம்ப நாள் 'இன்று வெயில்' என்றே எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது எழுத விஷயம் கிடைத்துவிட்டது. கட்டம் போட்ட நோட்டில் தேதியைப் போட்டு எழுதினாள். 'இன்று 16 கல்.' 'இன்று 15 கல். மாலை 17.' 'இன்று 18 கல். சாப்பிடவில்லை.'

மூன்றாவது முறையாகத் திறக்கலாமா என்ற பேச்சு வந்தபோது முதுகு டாக்டர் ஒரு சோதனை வைத்தார். ஒரு குறிப்பிட்ட நரம்பைச் சுற்றி ஊசி போடுவார்கள். அதற்குப் பிறகு வலி பாதியாவது குறைந்தால், கோளாறு அந்த நரம்பில்தான் என்று அர்த்தம். ஸ்குரு ஒன்று அதை உரசுகிறது, அந்த ஸ்குருவை எடுத்துவிட்டு நரம்புக்கு இடத்தை அகலப்படுத்தலாம். குறையவில்லை என்றால் கத்தி வைத்துப் பயனில்லை.

நர்ஸம்மா ஒரு தாளைக் கொடுத்தார். "ஊசிக்கு முன்னால ஒரு நம்பர். அப்புறம் பதினாலு நாளைக்கு தினமும் ஒரு நம்பர். பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா ரொம்ப ஜாஸ்தி. யாரு எழுதுவீங்க?"

"நான் எழுதுவேன்" என்றாள் பன்னெண்டு, வாங்குகிற கையிலேயே பெருமை தெரிய.

ஊசிக்கு முன்னால் கேட்டாள். மகள் பதினெட்டு என்றாள். தாளில் பத்து வரைக்கும்தான் கட்டம் இருந்தது. பெரிய நம்பர் அதுதான் போல என்று பத்தில் வட்டம் போட்டாள். மறுநாள் மகள் எழுந்து நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்து சோறு தின்றாள். "ஒம்போது கல்லு" என்றாள். பன்னெண்டு ஒன்பதில் வட்டம் போட்டாள். அடுத்த நாள் எட்டு. அப்புறம் எட்டு, ஒன்பது, எட்டு. பத்து நாளில் மருந்தின் வேகம் போய் மறுபடி பதினேழுக்கு ஏறியது. மறுபடி பத்தில் வட்டம்.

டாக்டர் தாளைப் பார்த்தார். மகள் உட்கார முடியாமல் சுவரோரம் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தாள்.

"பத்து இருந்தது ஒம்பது, எட்டுன்னு ஆயிருக்கு. இது பத்தாதும்மா. அந்த நரம்புதான் காரணம்னு இத வச்சு என்னால சொல்ல முடியாது."

"கொஞ்ச நாளு நல்லா இருந்தா சார். உக்காந்து சாப்பிட்டா."

"நீங்க எழுதினதுதானே இது?"

"ஆமா சார்."

"காரணம் தெரியாம மூணாவது தடவை திறக்கக் கூடாது. மாத்திரைய மாத்தித் தரேன். இதோட வாழப் பழகிக்கிற மாதிரி பாக்கலாம்."

பஸ்ஸில் மகள் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். "வேணாங்க, எனக்கு நிக்கறதுதான் சொகுசு" என்றாள். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவள் அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. பன்னெண்டு மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். வாழப் பழகுவதாம். தான் போன பிறகு இந்தப் பலகையை யார் புரட்டிப் போடுவார்கள்?

மறுநாள் தளம். விடிந்ததும் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. பன்னெண்டு ஏணியில். அவளுக்குக் கீழே ரேடியோ. வாயை மூடத் தெரியாதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பேர். ஏணியின் தலைமாட்டில், கூரை விளிம்பில் மேஸ்திரி நின்று சட்டி வாங்கினார்.

"என்னக்கா சொன்னாரு டாக்டரு?" என்றாள் ரேடியோ சட்டியை நீட்டியபடி.

"முடியாதுன்னுட்டாரு."

"ஊசிக்கு ஒன்னும் கொறையலயா?"

"கொறஞ்சுது."

"எவ்ளோ?"

"பதினெட்டுலேர்ந்து ஒம்போது, எட்டு."

மேலிருந்து மேஸ்திரி கேட்டார். "பாதி கொறைஞ்சா பண்றேன்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"பதினெட்டுல பாதி எவ்ளோ?"

பன்னெண்டு வாங்கிய சட்டியோடு நின்றுவிட்டாள். கீழே ரேடியோ அடுத்த சட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்குக் கீழே இருந்தவன் அதற்கடுத்ததை. வரிசை முழுக்க அடைத்துக்கொண்டது.

"சட்டிய வாங்கு பன்னெண்டு. என் கை ஒடியுது" என்றாள் ரேடியோ.

"பத்து இல்ல" என்றாள் அவள். "நான் பத்துன்னு எழுதிட்டேன். தாள்ல எடமில்லன்னு பத்துன்னு எழுதிட்டேன். அவரு பத்துலேர்ந்து எட்டுன்னு பாத்திருக்காரு."

"பத்துக் கல்லா? பத்துக் கல்ல நீ கத பேசிக்கிட்டே தூக்கிட்டுப் போவியே."

"அவருக்கு அது தெரியாதுங்களே."

தளம் போடுகிற நாளில் நடுவில் யாரும் இறங்க மாட்டார்கள். நிறுத்தினால் பழைய கலவை இறுகி, புதிய கலவை அதோடு சேராமல் விரிசல் விடும். இருபது வருஷத்தில் பன்னெண்டு ஒரு நாளும் பாதியில் இறங்கியதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மணி வரைக்கும்தான் இருப்பார். தளம் முடிய மூன்று மணி ஆகும். அதற்கப்புறம் அவர் வருவது அடுத்த வாரம். அதற்குள் கோப்பைக் கட்டி உள்ளே போட்டுவிட்டால், தேடி எடுக்கவே இன்னொரு மாதம். அவள் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தாள்.

மேஸ்திரி விளிம்பிலிருந்து ஏணிக்கு இறங்கினார். "தள்ளு. போ. ஒரு கோடு கூட."

முப்பத்து நாலு.

வீட்டுக்கு ஓடினாள். முழங்கை வரைக்கும் சிமெண்டு காய்ந்து வெடித்திருந்தது. மகள் தரையில் குப்புறக் கிடந்தாள். நோட்டைத் தேடி எடுத்துக்கொண்டே மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். கேட்டு முடித்த மகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"விடும்மா."

"என்னத்த விடுறது?"

"அவரே வேணாம்னுட்டாரு. நேத்து ராத்திரிதான் கொஞ்சம் நிம்மதியாப் படுத்தேன். இனிமே யாரும் என்னத் திறக்க மாட்டாங்கன்னு."

"எட்டுக்கு வந்துச்சே. உக்காந்தியே."

"ரெண்டாவது தடவையும் இப்படித்தான் சொன்னாங்க. எழுந்தா கால்ல நெருப்பு. மூணாவது தடவ எழுந்து பாக்கறப்போ ரெண்டு காலும் போயிருந்தா? நீ சுமப்பியா? இப்பவே ஏணியில நின்னு நின்னு உனக்கு இடுப்பு கோணிப் போச்சு. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

பன்னெண்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரில் கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவளுக்குள் ஒன்று போட்டு அடித்துக்கொண்டது, இவளைத் திட்டு, இழுத்துக்கொண்டு போ என்று. இன்னொன்று, இவள் சொல்வதில் என்ன தப்பு என்றது.

"உன் முதுகு" என்றாள் கடைசியில். "வேணும் வேணாங்கறத நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒன்னு. என் தப்புக் கணக்க வச்சுக்கிட்டு வேணாம்னு சொல்லாதடி. சரியான கணக்கப் பாத்துட்டு வேணாம்னு சொல்லு. அப்ப நான் வாயத் தொறக்க மாட்டேன்."

மகள் கையை மட்டும் பின்னால் நீட்டி, அம்மாவின் முழங்கையில் காய்ந்திருந்த சிமெண்டை நகத்தால் ஒரு செதில் உரித்தாள்.

"மூஞ்சியாவது கழுவிட்டுப் போ. பேய் மாதிரி இருக்க. உன்னப் புடிச்சு வார்டுல போட்டுருவாங்க."

கழுவவில்லை. நேரமில்லை.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் பன்னெண்டு வாசலில் நின்றாள். நர்ஸம்மா தடுத்தார். "நேத்தே பாத்தாச்சேம்மா." பன்னெண்டு நோட்டை நீட்டினாள். அந்தச் சிமெண்டுக் கையைப் பார்த்ததாலோ என்னவோ, டாக்டர் வாங்கினார்.

முதல் பக்கத்தைப் பார்த்தார். புரட்டினார். இன்னும் புரட்டினார்.

"இது என்ன கல்லு?"

"செங்கல்லு சார். எங்களுக்கு அதுதான் கணக்கு. வலிய அப்படித்தான் சொல்லுவா. உங்க தாள்ல பத்து வரைக்கும்தான் இருந்துச்சு. அவ சொன்னது பதினெட்டு. எடமில்லாததால பத்துன்னு போட்டேன். ஒம்போதுன்னு சொன்னப்ப எடம் இருந்துச்சு, ஒம்போதுன்னே போட்டேன். தப்பு என்னோடது சார். அவளோடது இல்ல."

டாக்டர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். தாளையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பத்துக் கல்லுன்னா எப்படி இருக்கும்?"

"பத்தா? அது எங்களுக்கு நாள் வேல சார். தூக்கிக்கிட்டே சண்ட கூடப் போடலாம்."

"நீங்க தினமும் அதிகபட்சம் எத்தனை தூக்குவீங்க?"

"பன்னெண்டு."

"உங்க பொண்ணு பதினெட்டுன்னு இங்க அறுபது நாளைக்கு மேல சொல்லியிருக்காங்க."

"ஆமா சார்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உடைந்தது. இருபது வருஷமாகத் தன்னைப் பன்னெண்டு என்று ஊரே கூப்பிட்டதை மெடல் மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். பதினெட்டை இறக்கிவைக்காமல் படுத்தபடியே சுமந்துகொண்டு ஒருத்தி வீட்டில் கிடக்கிறாள். சிமெண்டுக் கையால் முகத்தைத் துடைத்ததில் கண் எரிந்தது.

டாக்டர் அவசரப்படவில்லை. "இத மட்டும் வச்சு கத்தி வைக்க மாட்டேன். ஊசி இன்னொரு தடவ போடணும். கல்லுலயே எழுதுங்க. ஆனா இந்த தடவ அவங்களே எழுதட்டும்."

மகளே எழுதினாள். குப்புறப் படுத்துக்கொண்டு, கோணல் மாணலாக. பதினேழு. பிறகு எட்டு, எட்டு, ஏழு, எட்டு. பதினாலு நாள் முடிந்ததும் தாளை அவளே ஒரு தரம் பார்த்தாள். பன்னெண்டு அடுப்படியில் நின்று, பாத்திரத்தைக் கழுவாமல் கழுவிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

"அம்மா."

"ம்."

"ஏழுன்னு எழுதின ரெண்டு நாளும் நான் செருப்பு போட்டு நடந்தேன்."

"ம்."

"போலாம்."

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் என்றார்கள். ஏழரை ஆயிற்று. ஆபரேஷன் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் பன்னெண்டால் உட்கார முடியவில்லை. மகளைப் போலவே சுவரோரம் ஒற்றைக் காலில் நின்றாள். கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே வருகிறவர்களின் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். எழுத்துக் கற்றுக்கொண்டவளுக்கு அது மட்டும் படிக்க வரவில்லை. போலாம் என்று அவள் சொன்னது எனக்காகவா? நான் சத்தம் போடாமல் பாத்திரம் கழுவியதுதான் அவளைத் தள்ளியதோ? ரெண்டு காலும் போயிருந்தால்? மனசுக்குள் யார் யாரையோ கூப்பிட்டுப் பேரம் பேசினாள். என் இடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பழசுதான், ஆனால் உழைத்தது.

மறுநாள் காலை மகள் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். போர்வைக்குக் கீழே வலது கால் அசைந்தது. அப்புறம் இடது கால்.

பன்னெண்டு கேட்கவில்லை.

"வெட்டின இடம் வலிக்குது" என்றாள் மகள். "அது வேற. அத விடு. கால்ல..." கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தாள். "ஏழு."

வீட்டுக்கு வந்து மூன்று வாரத்தில் ஆறானது. இரண்டு மாதம் கழித்தும் ஆறுதான். டாக்டர் படத்தைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ஊசியால் பாதத்தைக் குத்திப் பார்த்தார். "நரம்பு ரொம்ப நாள் அடிபட்டிருக்கு. மிச்சம் இருக்கறது இதுதான். இது போகும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

மகள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாள். ஜன்னலோரம். "ஆறு கல்லு வச்சிக்கிட்டு நடக்கலாம்தானேம்மா?"

"நடக்கலாம்" என்றாள் பன்னெண்டு. ஆறு கல்லோடு சாயங்காலம் வரைக்கும் நடக்கலாம். சாயங்காலம் இறக்கி வைத்துவிட்டு, சும்மாட்டை உதறிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இறக்கி வைக்க இடமே இல்லாமல் ஆறு கல்லோடு தூங்கி, ஆறு கல்லோடு எழுந்து, ஆறு கல்லோடு கிழவியாவது எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

நோய் தீர்ந்ததா இல்லையா என்று யாரிடம் கேட்பது? தீர்ந்த வரைக்கும் தீர்ந்தது. மறு வாரமே பன்னெண்டு வேலைக்குப் போனாள். மெஷின் தகரத்தில் அவள் கோடுகளை விரலால் தடவி எண்ணினாள். நாற்பத்து நாலு. முப்பத்தைந்தாயிரத்து இருநூறு. வாரத்துக்கு இரண்டு தளம் என்றாலும் ஐந்து மாதத்துக்கு மேல் கூலியில்லாமல் ஏணி. மாத்திரைக்கு என்ன செய்வது, வாடகைக்கு என்ன செய்வது என்று வழியெல்லாம் போட்ட கணக்கு எதுவும் கூடி வரவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணிக்குப் போனாள்.

ஏணியில் ரேடியோ நின்றிருந்தாள்.

"எறங்குடி. என் எடம்."

"உன் எடம் அங்க" என்று ரேடியோ மெஷின் பக்கம் கையைக் காட்டினாள். கீழே, சட்டியை ரொப்பிக் கொடுக்கிற இடம். அங்கே இடுப்பைத் திருக வேண்டியதில்லை.

"நாப்பத்து நாலு இருக்கு. இப்பத்தான் எண்ணிட்டு வரேன்."

"எண்ணு எண்ணு. எழுதப் படிக்கத் தெரிஞ்சவளாச்சே" என்றாள் ரேடியோ. "உன் கோட்ட நாங்க பதினோரு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். ஆளுக்கு நாலு. ஏணிய மொற வச்சு மாத்திக்கிறோம். இன்னிக்கு நானு. வள்ளுன்னு விழாம போய்ச் சட்டியப் புடி."

பன்னெண்டு மேலே பார்த்தாள். மேஸ்திரி கூரை விளிம்பில் எதையோ அளப்பது போல அந்தப் பக்கம் திரும்பி நின்றார். மெஷினுக்குப் பக்கத்தில் ஆணி கிடந்தது. நாற்பத்து நாலு கோட்டுக்கும் குறுக்கே ஒரே இழுப்பாக ஒரு நீளக் கோடு புதிதாகப் பளபளத்தது. எண்ணும்போது அதையும் பார்த்திருந்தாள். கீறல் என்று நினைத்துவிட்டாள்.

ஆளுக்கு நாலு. பதினோரு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். இத்தனை பேர் நிற்கிறார்கள், இத்தனை கை நீளுகிறது. மகளின் ஆறு கல்லில் ஆளுக்கு அரைக் கல் எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் மறுக்க மாட்டார்கள். எடுக்கத்தான் வழியில்லை.

"பன்னெண்டு, மெஷினு சுத்துது" என்று மேலிருந்து குரல் வந்தது.

அவள் சட்டியைக் குனிந்து எடுத்தாள்.